கடைக்குப் பெயர் எடுப்பது எப்படி? இசைக்கலைஞர்களை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சிறு கடைகளுக்கும் குடும்பத் தொழில்களுக்கும் பெயர்ப்பலகை, அட்டைப்பெட்டி, துணிப்பை ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். வேலை பேச வருபவர்களுக்கு பிராண்ட் என்பதை விளக்கும்போது, பன்னாட்டுக் கம்பெனிகளின் கதையைக் காட்டிலும், அவர்கள் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் எடுத்துக்காட்டினால் செய்தி உடனே பிடிபடுகிறது. ஆனால் அப்படிச் சொன்னதும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வகையான ஐயங்களை எழுப்புகிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிராண்டுன்னா லோகோதானே சார்? அதை வரைஞ்சு கொடுத்துட்டா போதாதா?

வாடிக்கையாளர் கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே அவர் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. அந்த எதிர்பார்ப்புதான் பிராண்ட். லோகோ அதை நினைவூட்டும் குறி. இசைத்துறையில் இது பளிச்சென்று தெரியும். கச்சேரிக்குச் சீட்டு வாங்குபவர் இன்னும் பாடப்படாத பாட்டுக்குப் பணம் கொடுக்கிறார். அவர் கையில் இருக்கும் ஒரே உத்தரவாதம் பாடுபவரின் பெயர். கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயர் பாடுகிறார் என்றால் சர்வலகுவில், அதாவது தாளத்தோடு இயல்பாக ஓடும் நடையில், ஸ்வரங்கள் தங்குதடையின்றி வந்து விழும் என்பதும், கச்சேரியின் பிற்பகுதியில் ‘இங்கிலீஷ் நோட்’ என்ற மேற்கத்தியச் சாயல் மெட்டைக் கேட்கலாம் என்பதும் ரசிகர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் உதடும் நாக்கும் கொண்ட லோகோவை இன்று அந்தக் குழுவின் பாட்டைக் கேட்டிராதவர்கள்கூடச் சட்டையில் அணிந்துகொள்கிறார்கள். அதை ஜான் பாஷ் என்ற மாணவர் 1970-இல் 50 பவுண்டு கூலிக்கு வரைந்தார். குழு தொடங்கியதோ 1962-இல். எட்டு ஆண்டுகள் அவர்கள் பாடிப் பெற்ற பெயரை அந்தப் படம் சுமந்தது. ஆகவே லோகோ வரைந்து தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அது எதைச் சுமக்கப் போகிறது என்பதை முதலில் பேசிவிடுவோம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

நாங்க சின்னக் கடைங்க. பத்துக்குப் பத்து இடம். எங்களுக்கெல்லாம் எதுக்கு பிராண்டு?

பரவை முனியம்மாவை நினைத்துப் பாருங்கள். மதுரையை ஒட்டிய பரவையில் வாழ்ந்து, கோயில் விழாக்களிலும் மேடைகளிலும் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியவர். 2003-இல் ஒரு திரைப்படப் பாடல் அவரைத் தமிழ்நாடு முழுவதற்கும் அறிமுகம் செய்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த கொல்லங்குடி கருப்பாயியும் அப்படித்தான். இருவரும் சினிமாவுக்காகக் குரலை மென்மையாக்கிக்கொள்ளவில்லை. களத்துமேட்டில் ஒலிக்கும் அந்தக் கணீர்க் குரல்தான் வேண்டும் என்று சினிமா அவர்களைத் தேடி வந்தது. கடையின் பரப்பளவுக்கும் பெயருக்கும் தொடர்பு இல்லை. வேறெங்கும் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய சுங்குடிக் கடையில் அந்த ஒன்றைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். சுங்குடிச் சேலையில் துணியை விரல் நுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை இழுத்து அவிழ்த்தால், ஓரத்தில் சாயம் லேசாகக் கசிந்த வெள்ளைப் புள்ளியும், புள்ளியின் நடுவே கைக்குத் தட்டுப்படும் சிறு மேடும் இருக்கும். அச்சடித்த சேலையில் புள்ளி வழவழப்பாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கும். இந்தக் கடையில் கைம்முடிச்சுச் சேலையின் தலைப்பில் ஒரு சாண் அளவுக்கு முடிச்சுகளை அவிழ்க்காமலே வைத்திருக்கிறார்கள். வாங்க வந்தவர் கண்ணெதிரே கடைக்கார அம்மா அதைப் பிடித்து இழுப்பார். படபடவென்று முடிச்சுகள் தெறித்துப் புள்ளிகள் மலரும். அந்தக் கடைக்கு லோகோ கிடையாது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் அடுத்த முறை அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பேருக்கு முன்னாடி ‘மதுரை’னு போட்டுட்டா ஜனங்க நம்பிருவாங்கல்ல?

கர்நாடக இசையில் ஊர்ப்பெயரைச் சூட்டிக்கொள்வது பழைய வழக்கம். அரியக்குடி, செம்மங்குடி, செம்பை என்று ஊரைச் சொன்னாலே ஆள் யாரென்று ரசிகர்களுக்குத் தெரியும். 1916-இல் இங்கே பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ‘எம்’ என்பது மதுரையையும், ‘எஸ்’ என்பது வீணைக் கலைஞரான அவருடைய தாயார் சண்முகவடிவையும் குறிக்கும். மதுரை சோமு பிறந்தது சுவாமிமலையில் என்றாலும், அவரை மதுரைக்காரராகவே நாடு அறியும். எம்.எஸ்., சோமு, மணி ஐயர் மூவருக்கும் ‘மதுரை’ பொது. ஆனால் மணி ஐயரின் ஸ்வரத்தையும் சோமு முருகன் பாட்டில் உருகுவதையும் எவரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதில்லை. ஊர்ப்பெயர் வாசல்வரை அழைத்து வரும். உள்ளே உட்கார வைப்பது பெயரின் பிற்பாதி.

இதில் சட்டமும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின்படி வெறும் ஊர்ப்பெயரை ஒருவர் தமக்கு மட்டும் உரியதாகப் பதிவு செய்துகொள்வது கடினம்; அது ஊரார் எல்லோருக்கும் பொது. அதுபோலவே மதுரைச் சுங்குடிக்கு 2005-இலும், மதுரை மல்லிக்கு 2013-இலும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வேறு பக்கத்துச் சரக்குக்கு அந்தப் பெயர்களை ஒட்டுவது சட்டப்படி தவறு. இங்கே முடிச்சிடும் பெண்களின் கூலியிலும் பூ விவசாயியின் வருமானத்திலும் கைவைப்பதாகவும் ஆகும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்து வடிவமைப்புச் செய்து தருவதில்லை.

நாங்க வைக்க நினைச்ச பேரை ஏற்கெனவே ஒருத்தர் வெச்சிருக்காரு. கொஞ்சம் மாத்தி வெச்சுக்கலாமா?

இளையராஜாவின் பெயர்க்கதை இதற்குப் பொருத்தமானது. பண்ணைப்புரத்தில் பிறந்த ராசையாவை, அவருக்கு மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் ‘ராஜா’ என்று அழைத்தார். 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தில் அவரை அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலம், ஏ.எம். ராஜா என்று புகழ்பெற்ற பாடகர் ஒருவர் ஏற்கெனவே இருப்பதை எண்ணி, முன்னால் ‘இளைய’ என்று சேர்த்தார். பெயரில் சிறிய மாற்றம்தான். ஆனால் இருவரையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது: இருவரையும் ஒருவர் என்று நினைத்து வாடிக்கையாளர் ஏமாறட்டும் என்பதற்காக ஓர் எழுத்தை மாற்றுகிறார்கள். விளக்குத்தூண் பக்கம் நடந்தால் ஜிகர்தண்டாப் பலகைகளில் ‘ஃபேமஸ்’ என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வெளியூரிலிருந்து வருபவருக்கு எது யாருடைய கடை என்று தெரிவதில்லை.

பெயரை முடிவு செய்யும் முன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இனிப்பு, காரம், காப்பித்தூள் முதலியவை 30-ஆம் வகுப்பிலும், உணவகம் 43-ஆம் வகுப்பிலும் வரும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஃப்ளெக்ஸ் பேனருக்கும் திறப்புவிழாப் பந்தலுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனாலும் இதைத்தான் எல்லோரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள்.

எம்.எஸ். ப்ளூ மாதிரி எங்க கடைக்கும் ஒரு கலர் பிடிச்சுக் கொடுங்களேன்?

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த பட்டின் நீலம், ‘எம்.எஸ். ப்ளூ’ என்ற பெயரிலேயே இன்றும் கடைகளில் கேட்டு வாங்கப்படுகிறது. குன்னக்குடி வைத்தியநாதனின் நெற்றி நிறைந்த விபூதியும் பெரிய குங்குமமும் அவர் வயலினைத் தொடுவதற்கு முன்பே அவரை அறிவித்துவிடும். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, அந்தத் தோற்றம் அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதும், அதை அவர்கள் மாற்றிக்கொண்டே இருக்கவில்லை என்பதும்தான்.

நிறம் பிடித்துக் கொடுப்பது எளிது. அதைக் காப்பாற்றுவதே கடினம். அட்டைப்பெட்டி ஆஃப்செட்டில் அச்சாகிறது, பேனர் ஃப்ளெக்ஸில் அச்சாகிறது, துணிப்பை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சாகிறது. ஒரே பச்சையைக் கொடுத்தாலும் மூன்றும் மூன்று பச்சையாக வந்து நிற்கும். எனவே முதல் முறை சரியாக அமைந்த அட்டையில் ஒரு துண்டை வெட்டி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு முறை அச்சுக்குக் கொடுக்கும்போதும் அந்தத் துண்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே சம்மதம் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஒரு நிறம், பொங்கலுக்கு ஒரு நிறம் என்று மாற்றும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

அப்பா காலத்து ருசியையே வெச்சுக்கணுமா, இல்ல காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணுமா?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஏனெனில் இதற்கான விடையை நம் கச்சேரி முறையே வைத்திருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய முறையில் வர்ணம், கீர்த்தனைகள், விரிவாகப் பாடும் முக்கிய உருப்படி, தாளவாத்தியக்காரர்கள் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்று கச்சேரி வளர்ந்து, அதன் பிறகு துக்கடாக்கள் எனப்படும் சிறிய, இலகுவான உருப்படிகள் வரும். மேற்கத்தியச் சாயல் கொண்ட ‘இங்கிலீஷ் நோட்’டை மணி ஐயர் அந்தத் துக்கடாப் பகுதியில் வைத்தார். ராக ஆலாபனையை அதற்காக அவர் சுருக்கவில்லை. கனமானதைக் கேட்க வந்தவர் நிறைவோடு இருந்தார். புதிதாக வந்தவருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுக்க ஒன்று கிடைத்தது. உங்கள் கடையிலும் முக்கிய உருப்படி எது, துக்கடா எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இதைக் கண்டுபிடிக்க ஆலோசகர் தேவையில்லை. பில் புத்தகத்தைப் புரட்டினால் பாதிக்கு மேற்பட்ட பில்களில் எந்தப் பண்டம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன் நெய்யையும் அளவையும் பக்குவத்தையும் தொடாதீர்கள். புதுமை செய்யும் ஆசையெல்லாம் மற்றவற்றில் தீரட்டும்.

பெரிய மாற்றம் செய்தவர்களும் இருக்கிறார்கள். கிராமத்து மெட்டோடு திரையுலகுக்குள் வந்த இளையராஜா, 2025 மார்ச் 8 அன்று லண்டனின் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் தம் ‘வேலியண்ட்’ சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். அதே அரங்கில்தான், அதன் பழைய பெயர் ஹேமர்ஸ்மித் ஓடியன், 1973-இல் ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவி தமக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த ‘ஸிக்கி ஸ்டார்டஸ்ட்’ என்ற வேடத்துக்கு மேடையிலேயே விடை கொடுத்தார். போவி கழற்றிப் போட்டது வேடத்தை. குரலும் பாட்டெழுதும் திறனும் அவரோடு தொடர்ந்தன. இளையராஜாவின் திரைப்பாடல்களில் மேற்கத்திய வாத்திய அமைப்பைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அவர் சிம்பொனி எழுதியது வியப்பாகவே இராது. வெளியே மாற்றமாகத் தெரிவது உள்ளே நெடுநாள் வளர்ந்ததாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் ஷவர்மா ஓடுகிறது என்பதற்காகப் பணியாரக் கடையில் ஷவர்மா போடுவது அந்த வகையில் சேராது.

கிளை திறந்தா பேரு கெட்டுப்போகுமோன்னு பயமா இருக்கு. என்ன செய்யலாம்?

பயம் நியாயமானதே. ஆனாலும் மதுரையில் தொடங்கிய முருகன் இட்லிக் கடை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றிருக்கிறது. முடியாத செயல் அன்று. இசையில் இதற்குப் பாடாந்தரம் என்று பெயர். குரு ஒரு கீர்த்தனையின் சங்கதிகளை, அதாவது ஓர் அடியையே மாற்றி மாற்றி விரித்துப் பாடும் வகைகளை, எந்த வரிசையில் பாடினாரோ, அதே வரிசையில் சீடர் பாடுவார். கேட்பவர் இது இன்னாருடைய பாடாந்தரம் என்று இனங்கண்டுகொள்வார். அந்த அடித்தளம் உறுதியான பிறகே சீடரின் சொந்தக் கற்பனைக்கு இடம் கிடைக்கும்.

எங்கள் கைப்பக்குவத்தை எழுத முடியாது என்று சொல்லும் மாஸ்டர்கள் பலர். எழுத முடியும். எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை கிராம் உளுந்து, எவ்வளவு நேரம் ஊறல், எந்தச் சூட்டில் எண்ணெய் என்று ஒருவர் பக்கத்தில் நின்று தராசும் கடிகாரமும் வைத்துக் குறித்தால் பெரும்பகுதி காகிதத்துக்கு வந்துவிடும். மிச்சத்தைக் கற்றுக்கொள்ள, கிளைக்குப் போகிறவர் தாய்க்கடை அடுப்படியில் சில மாதங்கள் நிற்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் கிளை வேண்டாம்.

நாங்க அப்பளம் போட்டு வேற கம்பெனிக்குக் கொடுக்கறோம், பாக்கெட்டுல அவங்க பேருதான். எங்களுக்குன்னு ஒரு பேரு வருமா?

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) திரைப்படத்தில் சிவாஜி கணேசன் நாகஸ்வரம் வாசிப்பதாக நடித்தார். ஒலித்த நாதம் மதுரையைச் சேர்ந்த எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. திரையில் தெரிந்தது வேறொருவர் முகம் என்றாலும், வாசித்தவர்கள் யார் என்று ஊர் விசாரித்துத் தெரிந்துகொண்டது. பின்னணிப் பாடகர்களின் நிலையும் இதுவே. டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது ஒரு விதமாகவும், சிவாஜிக்குப் பாடும்போது வேறு விதமாகவும் குரலை அமைத்துக்கொண்டார்; பாட்டு அந்தந்த நடிகரே பாடுவதுபோல் இருந்தது. ஆனாலும் வானொலியில் முதல் அடி ஒலித்ததும் டி.எம்.எஸ். என்று சொல்லாதவர் மதுரையில் இல்லை.

மற்றவருக்காகச் செய்பவருக்கும் பெயர் உண்டு. அது கடைத்தெருவைவிடத் தொழில்வட்டாரத்தில் முதலில் பரவும். உங்களுக்குச் சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. பொட்டலமிட்ட உணவுப் பொருளில், பிராண்டின் உரிமையாளர் வேறொருவர் என்றால், தயாரித்தவரின் உணவுப் பாதுகாப்பு (FSSAI) உரிம எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சிறிய எழுத்து வரியில் உங்கள் உரிம எண் விடுபடாமலும் பிழையில்லாமலும் அச்சாகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நாளை சொந்தப் பெயரில் இறங்கும்போது, ‘இன்ன அப்பளத்தை இதுவரை செய்து கொடுத்தவர்கள் நாங்கள்தான்’ என்பதற்கு அந்த வரி சான்றாகும். அதற்கு முன் ஒப்பந்தத்தில் தடை ஏதும் இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

சும்மா ருசி பார்க்கக் கொடுத்தா, டிஸ்கவுண்ட் போட்டா, மதிப்பு குறைஞ்சிருமா?

இரண்டும் வேறு வேறு. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழு தன் கச்சேரிகளை ரசிகர்களே ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதித்தது. நாடாக்கள் கைமாறிக் கைமாறிப் பரவ, அடுத்த கச்சேரிக்குக் கூட்டம் பெருகியது. ருசி பார்க்கக் கொடுப்பது இந்த வகையைச் சேர்ந்தது; தாராளமாகச் செய்யுங்கள். 2007-இல் ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழு தன் ஏழாவது ஆல்பத்தை, விரும்பிய விலை கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. அதைக் கேட்டு விலையே போடாமல் கடை திறக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். ஆறு ஆல்பங்கள் கொடுத்துப் பெயர் பெற்ற பிறகு அவர்கள் செய்தது அது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆண்டு முழுவதும் தொங்கும் தள்ளுபடிப் பலகை மட்டும் வேண்டாம். நாளடைவில் வாடிக்கையாளர் அந்த விலையையே உண்மை விலை என்று எடுத்துக்கொள்வார்.

விளம்பரத்துக்கு, இன்ஸ்டா ரீல்ஸுக்கு, ஒரு இளையராஜா பாட்டு போட்டுக்கலாமா? எல்லாரும் போடறாங்களே?

தனிநபர் தம் பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவுக்குப் பாட்டு வைப்பதும், கடை தன் விற்பனைக்காக வைப்பதும் ஒன்றாகா. வணிகப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். ஒரு திரைப்பாடலில் பாடலாசிரியரின் உரிமை, இசையமைப்பாளரின் உரிமை, ஒலிப்பதிவை வெளியிட்ட நிறுவனத்தின் உரிமை என்று பல உரிமைகள் இருக்கின்றன. பாடலுக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையிலும், ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்த 60 ஆண்டுகள் வரையிலும் பாதுகாப்பு உண்டு. தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் சென்றது. அதில் யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் தம் படைப்பின் கணக்கைத் தாமே வைத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வணிகருக்குப் புரியாத ஒன்றாக இருக்க முடியாது. தியாகராஜர் கீர்த்தனையைப் பாட யாருடைய அனுமதியும் வேண்டாம். அதை அண்மையில் ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவை எடுத்துப் போட அனுமதி வேண்டும்.

இதைவிட நல்ல வழி, உங்களுக்கென்று ஓர் ஓசையை உருவாக்கிக்கொள்வது. ஏ.ஆர். ரஹ்மான் 1992-இல் திரைக்கு வருவதற்கு முன் லியோ காப்பி முதலிய விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். 2002-இல் ஏர்டெல்லுக்கு அவர் போட்ட மெட்டைக் கேட்டால் இன்றும் கை தானாகச் சட்டைப்பையைத் தொடும். மதுரையில் நாகஸ்வரம், தவில், பறை, நாட்டுப்புறப் பாட்டு ஆகிய எல்லாவற்றிலும் தேர்ந்த கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, உரிமை குறித்து எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு, பத்து நொடி இசை ஒன்றைப் பதிவு செய்யலாம். 2017-ஆம் ஆண்டின் விதிகளின்படி 30 நொடிக்கு மிகாத எம்.பி.3 கோப்பாகக் கொடுத்து ஓசையையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய இடமுண்டு.

எம்.எஸ். அம்மா படத்தை எங்க காப்பித்தூள் பாக்கெட்டுல போட்டா மரியாதைதானே?

மரியாதை செய்ய விரும்பினால் படத்தைக் கடைச்சுவரில் மாட்டி வணங்குங்கள். பாக்கெட்டில் போட்டால் அவர் உங்கள் பொருளைப் பரிந்துரைத்ததாகவே பொருள்படும். பாடகர் தலேர் மெஹந்தியின் சாயலில், அவர் பாட்டைப் பாடும் பொம்மைகளை விற்றவர்களுக்கு எதிரான வழக்கில், புகழ்பெற்றவரின் அடையாளத்தை அவர் இசைவின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அதோடு புகைப்படம் எடுத்தவரின் உரிமையும் தனியே இருக்கிறது. ‘வெங்கடேச சுப்ரபாதம்’ ஒலிப்பதிவின் ராயல்டியையே திருப்பதி தேவஸ்தானத்துக்குக் கொடுத்துவிட்டவரின் முகத்தை நாம் லாபத்துக்கு எடுத்தாள்வது தகாது என்பது என் கருத்து.

அண்ணன் தம்பி பாகம் பிரிஞ்சா கடைப்பேரு யாருக்கு? ரெண்டு பேரும் வெச்சுக்கலாமா?

இசையுலகில் இதற்கு மிகக் கசப்பான எடுத்துக்காட்டுகள் உண்டு. பிரின்ஸ் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் தம் நிறுவனத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தப் பூசலில் 1993-இல் சொந்தப் பெயரையே விட்டு, உச்சரிக்க முடியாத ஒரு குறியைப் பெயராக்கிக்கொண்டார். 2000-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பினார். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மூல ஒலிப்பதிவுகள் 2019-இல் வேறொருவர் கைக்குப் போயின. ஸ்விஃப்ட் 2021 முதல் அவற்றில் நான்கை மறுபடியும் பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். 2025-இல் மூலப் பதிவுகளையே விலைக்கு வாங்கி மீட்டார். குரல் அவருடையது என்பதால் ரசிகர்கள் அவர் பக்கம் வந்தார்கள். ஆனால் அந்த அளவு பணமும் காலமும் நம் குடும்பங்களுக்குக் கிடைக்காது.

1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கடையின் நற்பெயரும் கூட்டுச் சொத்தில் அடங்கும். சின்னத்தை முறைப்படி பதிவு செய்திருந்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியமாகும். முன்பு சொன்ன 4,500 ரூபாய் இங்கே தன் மதிப்பைக் காட்டும். ஆனாலும் ஒருவர் தம் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைப் பதிவு பெற்றவர் தடுக்க முடியாது. எனவே தாத்தாவின் பெயரில் உள்ள கடைகளில், அதே பெயருடைய பேரன் பிரிந்து போனால் சிக்கல் முற்றிவிடும்.

ஒற்றுமையாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். பெயர் யாருக்கு, பிரிபவர் எந்தப் பெயரில் எவ்வளவு தொலைவில் கடை வைக்கலாம், பக்குவக் குறிப்பு யாரிடம் இருக்கும் என்பவற்றோடு, கடையின் பழைய தொலைபேசி எண், கூகுள் மேப்ஸில் உள்ள கடைப்பக்கம், இன்ஸ்டாகிராம் கடவுச்சொல் ஆகியவற்றையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்கிறேன். வீட்டைப் பாகம் பிரித்துக் கொடுத்த பெரியவர்கள் இந்தக் கடைசி மூன்றையும் மறந்துவிடுவதால், பிரிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் தம்பி கடைக்கு வரவேண்டிய ஆர்டர் அண்ணன் போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

‘அசல் மதுரை மல்லி மட்டும்’னு போர்டு வெச்சுட்டேன். மார்கழியில பூ வரத்தே இல்ல. வேற பூ கலந்தா யாருக்குத் தெரியப் போகுது?

வாங்குபவருக்குத் தெரியும். மதுரை மல்லியின் தடித்த இதழையும் நீண்ட காம்பையும் தொட்டுப் பழகிய விரல்கள் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. மல்லியைப் போலவே தோன்றும் காக்கரட்டான் பூவைக் கலந்து கட்டினால் பொழுது சாய்வதற்குள் மணம் காட்டிக்கொடுத்துவிடும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து, மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை தாறுமாறாக ஏறுவது எல்லோரும் அறிந்ததே. எனவே காரணம் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வயது ஏறி, மேல் சட்ஜம் என்ற உச்ச ஸ்வரம் எட்டாதபோது பாடகர்கள் சுருதியைக் குறைத்துக்கொள்வார்கள். தம்புரா அந்தச் சுருதிக்கே மீட்டப்படும். அரங்கில் உள்ள எல்லோருக்கும் அது கேட்கும். எட்டாத சுருதியில் கத்திப் பாடி அபஸ்வரம் விழுவதைவிட அதைக் கேட்பவர்கள் விரும்பி ஏற்றுக்கொள்கிறார்கள். நீங்களும் பனிக்காலத்துக்கென்று வேறொரு பலகை எழுதிக்கொள்ளுங்கள்: ‘இன்று மல்லி வரத்து குறைவு, முழம் இன்ன விலை, முல்லை தனியே கிடைக்கும்’ என்று அன்றன்றைக்குச் சாக்பீஸில் எழுதுவதாக இருந்தால் போதும். மல்லியையும் முல்லையையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். திருமண ஆர்டர்களுக்கு முன்பணம் வாங்கும்போதே, மல்லி கிடைக்காவிட்டால் எந்தப் பூ, என்ன விலை என்பதை ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.